திரும்பி நின்று கேட்டவர்

கலியாணப் பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கமாட்டார். தாய் தகப்பன், மாமன் மாமி எல்லோரையும் கோவில் வாசலில் நிறுத்திவிட்டுப் பெண்ணை மட்டும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே அவளுக்கு முதுகைக் காட்டி, கடற்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "பிள்ளை, உனக்கு இது விருப்பமோ? ஆறுதலாச் சொல்லு, எனக்கு அவசரமில்லை" என்பார். பதில் வர எவ்வளவு நேரம் எடுத்தாலும் திரும்பமாட்டார்.

ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன். "முகத்தைப் பாத்துக் கேட்டா, எங்களுக்குப் பிடிச்ச பதிலைத்தான் தம்பி பிள்ளையள் சொல்லுங்கள்" என்றார்.

மன்னார்த் தீவுக்கு வெளியே, தெற்குக் கரையோரம் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தின் உபதேசியார் அவர். சுவாமியார் வராத நாட்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், செத்த வீட்டில் முன்னுக்கு நிற்பதும் உபதேசியாரின் வேலை. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மனைவிகூட, "உபதேசியார், தேத்தண்ணி ஆறுது" என்றுதான் குரல் கொடுப்பார்.

நான் விவாகப் பதிவு, பிறப்புப் பதிவு செய்யும் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். வீடு உப்புக்குளத்தில். போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிய காலத்தில், எங்கள் கந்தோரே வாகனத்தில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போனது. நடமாடும் சேவை என்று பெயர். பள்ளிக்கூடத்து மேசை கதிரைகளைப் போட்டு உட்காருவோம். வெயிலில் வரிசை நிற்கும். ஒருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இராது. பிறந்ததற்கு இல்லை, கட்டியதற்கு இல்லை, செத்ததற்கும் இல்லை. எனக்கு எழுத்து அழகு. குண்டு குண்டாக, ஒரு வெட்டுக்குத்து இல்லாமல் எழுதுவேன். அந்தக் காலத்தில் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

அந்தக் கிராமத்துக்கு முதல் தரம் போன அன்றே வரிசையில் நின்ற மூன்று சோடிகள் ஒரே கதையைச் சொன்னார்கள். "கட்டினது எங்கை?" என்று கேட்டால், "தறப்பாள் கொட்டிலுக்குள்ளை." "ஆர் கட்டி வைச்சது?" என்றால், மூன்று சோடியும் திரும்பி மாமரத்தடியைக் காட்டினார்கள். அங்கே வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வாங்கு ஒன்று வெறுமனே கிடந்தது. அவர் உட்காரவில்லை.

கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்களோ இவைக்குக் கலியாணம் கட்டி வைச்சது?"

"நானோ? நான் ஒருத்தருக்கும் கட்டி வைக்கேல்லைத் தம்பி. அதுகள் கட்டினதுகள். நான் நிண்டனான், அவ்வளவுதான்."

இந்த ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. கலியாண வீடுகளில் யாராவது, "உபதேசியார் கட்டி வைச்ச சோடி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பிவிடுவார். "என்ர கலியாணம் ஒண்டுதான் நான் கட்டினது. அதையும் தான்தான் கட்டினதெண்டு மனுசி சொல்லித் திரியிறாள்" என்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

பிறகுதான் விபரம் தெரிந்தது. ஊர் முழுதும் இடம்பெயர்ந்து வன்னிக்குள் ஓடியபோது அவரும் கூட ஓடியிருக்கிறார். சுவாமியாரும் எட்டாத, பதிவாளரும் இல்லாத இடங்களில் தறப்பாள் கூடாரங்கள். அங்கே ஒரு சோடி வந்து, எங்களைச் சேர்த்துவிடுங்கோ என்று நின்றபோது, எனக்கு என்ன உரித்து என்று இரண்டு நாள் மறுத்திருக்கிறார். பிறகு, பிள்ளைகளுக்குத் தானே வருடக்கணக்காகப் படிப்பித்த பாடம் ஞாபகம் வந்ததாம். கலியாணத்தை நிறைவேற்றுகிறவர்கள் பெண்ணும் மாப்பிள்ளையும்தான், சுவாமியார் திருச்சபையின் சாட்சி மாத்திரம். சாட்சிக்கு நிற்பதென்றால் தன்னால் முடியும் என்று நின்றார். அப்படிப் பதினொரு கலியாணம். கறுப்பு நூலில் கோத்த சின்னச் சிலுவைதான் தாலி. பெயர்களையும் சாட்சிகளின் கையெழுத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். போரின் கடைசி நாட்களில் கழுத்தளவு தண்ணீரைக் கடக்கும்போது கொப்பி கையை விட்டுப் போய்விட்டது.

எனக்கு இது பிடிக்கவில்லை. அதை மறைக்கத் தேவையில்லை. கலியாணம் நடத்த ஆருக்கு அதிகாரம் என்று சட்டத்தில் எழுதிக் கிடக்கிறது. நியமனம் பெற்ற பதிவாளர், இல்லையென்றால் பதிவுள்ள கோவிலின் குரு. தறப்பாளுக்குள் தாலி கட்டியவளை ஊருக்கு வந்ததும் விட்டுவிட்டு, கடதாசி இல்லைத்தானே என்று வேறொருத்தியைக் கட்டியவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் என் மேசைக்கு முன்னால்தான் வந்து அழுதார்கள்.

இதை அவரிடமே சொன்னேன். "நீங்கள் நிண்டால் கலியாணம் எண்டா, நாளைக்குச் சந்திக் கடைக்காரனும் நிப்பான். சட்டம் எண்டு ஒண்டு வேணுமெல்லோ?"

"வேணும்தான். ஆர் இல்லையெண்டது?" என்றார். "ஆனா தம்பி, உங்கட பதிவாளர் அந்தப் பிள்ளையைத் தனியக் கூப்பிட்டுக் கேக்கிறவரோ?"

"அதுக்குப் படிவத்திலை இடமில்லை" என்றேன்.

"அப்ப அதுக்கும் ஒரு கூடு கீறச் சொல்லுங்கோ" என்றார்.

தான் கேட்டதெல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. வன்னியில் ஒரு தகப்பன் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தானாம். கலியாணமான பிள்ளை என்றால் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஊர் முழுக்க அவசரக் கலியாணம் நடந்த நேரம். வழக்கம்போல உபதேசியார் திரும்பி நின்று கேட்டார். பிள்ளை வேண்டாம் என்றது. அவர் தகப்பனிடம் போய், "எனக்குக் காய்ச்சல், இண்டைக்கு ஏலாது" என்று பழியைத் தன் தலையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு கிழமையில் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை.

"நான் கேக்காமல் நிண்டிருந்தா அவள் உயிரோடை இருந்திருப்பாள்" என்று என்னிடம் சொன்னார். ஆறுதலுக்கு நான் என்னவோ சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகும், அடுத்த சோடி வந்தபோது, அவர் கேட்கத்தான் செய்தார். கேட்காமல் இருக்க அவருக்கு வரவில்லை.

அந்தக் குணம் என் வீட்டிலேயே வந்து விழுந்தது. என் அக்கா குடும்பம் அதே கிராமத்தில்தான் மீள்குடியேறியது. அக்காவின் மகளுக்குத் தலைமன்னாரில் மாப்பிள்ளை பார்த்தது நான். சொந்தமாக இரண்டு வள்ளம், நல்ல குடும்பம். பேசி முடித்து, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. கோவிலில் கலியாணத்தை அறிவிக்கும் ஓலை வாசிக்க முன்னம், உபதேசியார் என் மருமகளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நாங்கள் காத்து நின்றோம். வெகு நேரத்துக்குப் பிறகு அவர் தனியே வந்து, சுவாமியாரின் காதில் என்னவோ சொன்னார். சுவாமியார் புத்தகத்தை மூடினார்.

மருமகள் அழுதுகொண்டே அக்காவிடம் போனாள். மாப்பிள்ளை வீட்டார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாகனத்தில் ஏறினார்கள். அவ்வளவு சனத்துக்கு முன்னால், என்னைவிட இருபது வயது மூத்த மனிசனை, "நீர் ஆர் ஐசே கேக்கிறதுக்கு? பெத்தவை நாங்கள் இருக்கிறம், சுவாமியார் இருக்கிறார். உமக்கு என்ன அதிகாரம்?" என்று கத்தினேன்.

"அதிகாரம் ஒண்டுமில்லைத் தம்பி" என்றார் மெதுவாக. "கேட்டனான், அவ்வளவுதான்."

மருமகள் இரண்டு வருடம் கழித்துத் தன் விருப்பப்படி ஒருவரைக் கட்டி இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருந்தது சுத்தமான வன்மம். அந்த வன்மம் ஆறுவதற்கிடையில் றீற்றா என்ற பெண்ணின் விசாரணை வந்தது.

பதினொரு சோடியில் றீற்றாவின் சோடி கடைசி. கட்டி நாலைந்து மாதத்தில், அவள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது, புருசன் ஷெல் விழுந்து செத்துப்போனான். சாட்சிக்கு நின்ற இருவரும் இல்லை. பெண் பிள்ளை முகாமில் பிறந்தது. மற்றச் சோடிகள் உயிரோடு இருப்பதால் புதிதாக வந்து பதியலாம். செத்தவனைக் கூட்டி வந்து பதிய முடியுமா? பிள்ளைக்கு நாலு வயது முடியப் போகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும். விவாகம் நிரூபிக்கப்படாவிட்டால் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் விழும்.

"எனக்கு வீடும் வேண்டாம், நட்டஈடும் வேண்டாம் சேர். பிள்ளைக்குத் தேப்பன்ர பேர் வேணும்" என்று அவள் கந்தோருக்கு நடையாய் நடந்தாள்.

விசாரிக்க வந்த அதிகாரி தெற்கைச் சேர்ந்தவர். சிங்களம் மட்டும்தான் தெரியும். நல்ல மனிதர். வாகனத்தில் வரும்போதே என்னிடம் சொன்னார், அந்தக் கிழவர் கலியாணத்தைத் தான் நடத்தி வைத்ததாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. மொழிபெயர்க்க என்னை விட்டால் ஆளில்லை.

பள்ளிக்கூடத்து மண்டபம். றீற்றா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தாள். உபதேசியார் வழக்கம்போல நின்றார். அதிகாரி கேட்டதை நான் தமிழில் சொன்னேன். "இந்தக் கலியாணத்தை நடத்தி வைச்சது நீங்கள்தானோ?"

"இல்லை ஐயா" என்றார். அவர் வேறு என்ன சொல்லுவார்? பிறகு கையைக் கட்டிக்கொண்டு விளக்கமாகச் சொன்னார். "நடத்தினது அதுகள் ரெண்டும். சுவாமியார் நிண்டாலும் அப்பிடித்தான், அது கோவில் படிப்பினை. நான் செபம் சொன்னனான். பிள்ளையைத் தனியக் கேட்டனான், பெடியனையும் கேட்டனான். ரெண்டு பேரும் ஓம் எண்டதுகள். என்ர கண்ணுக்கு முன்னாலை தாலி கட்டினது. கடவுளாணை அது கலியாணம் ஐயா."

நான் அதிகாரியின் பக்கம் திரும்பி, "தான் நடத்தவில்லை என்று சொல்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். "இவ்வளவு நேரம் பேசினாரே. அவ்வளவுதானா?"

"மிச்சமெல்லாம் செபம், சமயக் கதை" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அவர் வாயில் முதலில் வந்த வசனத்தைத்தான் சொன்னேன். இதைச் சொல்லி எத்தனையோ தரம் என்னை நானே தேற்றப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் மனதில் றீற்றா இல்லை, அவளுடைய பிள்ளை இல்லை. கோவில் வாசலில் நான் வெட்கப்பட்டு நின்றதுதான் இருந்தது. அதிகாரமில்லை என்று நீரே சொன்னீர்தானே, இப்போது அனுபவியும் என்று நினைத்தேன். அனுபவிக்கப் போகிறவர் அவரல்ல என்பது எனக்கு அந்தக் கணம் உறைக்கவில்லை.

அதிகாரி கையெழுத்து வைக்கும்போதும், "கிழவர் மனம் மாறி வந்தால் கூட்டிக்கொண்டு வா, திரும்ப விசாரிக்கிறேன்" என்றார். பதிவை என் கையால்தான் எழுதினேன். தகப்பன் பெயருக்கு ஒரு கோடு. பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற இடத்தில், இல்லை. குண்டு குண்டான அழகான எழுத்து.

அடுத்த கிழமை உபதேசியார் பஸ் ஏறிக் கந்தோருக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தம்பி, அண்டைக்கு நான் சொன்னதெல்லாத்தையும் அந்த ஐயாவுக்கு விளங்கப்படுத்தினீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"முழுக்க?"

"ஓம் உபதேசியார். சட்டம் அப்பிடி."

அவர் என்னை நம்பினார். கோவில் வாசலில் அவரை நான் ஏசியதையே மறந்துவிட்டவர்போல நின்றார். "அப்ப நான் நிண்டது பிழை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. தன்னோடு வன்னியில் நின்ற மற்றப் பத்துச் சோடிகளையும் வீடு வீடாகத் தேடிப் போனார். இரண்டு பேர் எருக்கலம்பிட்டிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள், அங்கேயும் போனார். எல்லோரையும் ஒவ்வொரு சோடியாக என் மேசைக்குக் கூட்டி வந்து பதிய வைத்தார். பிள்ளைகள் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பதிவாளர் முன்னிலையில் தாய்மாருக்குக் கலியாணம் நடந்தது. அவர் உள்ளே வரமாட்டார். வாசலுக்கு வெளியே, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "உள்ளை வாங்கோ" என்று ஒருத்தி கூப்பிட்டதற்கு, "நான் எதுக்குப் பிள்ளை" என்றார்.

கிணற்றடிக்குப் பெண்களைக் கூட்டிப் போவதையும் விட்டுவிட்டார். அக்காதான் சொன்னாள். "இப்ப அவர் ஒண்டும் கேக்கிறேல்லையடா. அது கந்தோர்ப் பாடு, சுவாமியார் பாடு எண்டிட்டுப் போறார்." கோவிலில் அதற்குப் பிறகு எத்தனையோ கலியாணம் நடந்தது. அதில் எத்தனை பெண்கள், யாராவது ஒருவர் திரும்பி நின்று கேட்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டு போனார்களோ தெரியாது.

சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. பெருநாளுக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டுப் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். இன்றைக்கு வேண்டாம், ஓய்வு பெற்ற பிறகு சொல்லலாம், வேலைக்கு வில்லங்கம் வராது என்று கணக்குப் போட்டேன். அந்த நல்ல அதிகாரி மாற்றலாகிப் போனார். மூன்று வருடம் இப்படியே ஓடியது. ஒரு மழை நாளில் அக்கா போன் எடுத்து, உபதேசியார் மோசம் போய்விட்டார், நாளைக்கு அடக்கம் என்றாள்.

சேமக்காலையில் ஊர் முழுக்க நின்றது. மண் போட்டு முடிந்த பிறகு றீற்றா என் பக்கத்தில் வந்தாள்.

"சாகிறதுக்கு முதல்நாளும் என்னட்டை மன்னிப்புக் கேட்டவர் சேர்" என்றாள். "எனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாமல் உன்ர பிள்ளையின்ர பேரைக் கெடுத்துப்போட்டன் எண்டு. எத்தினை தரம் கேட்டிட்டார், பாவம். நான் என்னத்தைச் சொல்ல?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த இடத்திலேயே சொன்னேன். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னவர், அதிகாரிக்கு அதைச் சொல்லாமல் விட்டது நான் என்று. ஏன் என்றும் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் புதுமண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை அவர் இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே சேர்" என்றாள். "அவர் ஒருக்கா வந்து திருப்பிச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

பிறகு, கந்தோர் ஏறி இறங்கிப் பழகியவள் அல்லவா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதித் தாங்கோ" என்றாள்.

எழுதினேன். சத்தியக்கடதாசியாக, ஒன்றும் மிச்சம் விடாமல். புருசனின் முழுப்பெயர், அவளுடைய பெயர், தறப்பாளுக்குள் நடந்தது, உபதேசியார் சொன்ன ஒவ்வொரு வார்த்தை, நான் விழுங்கியது எல்லாம். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். புது அதிகாரி எங்கள் பக்கத்துப் பெடியன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, "கலியாணத்திலை நிண்ட ஆள் வந்து சொல்லவேணும் ஐயா. அவர் சொன்னதைக் கேட்ட ஆள் சொல்லி நான் எப்பிடித் திருத்திறது?" என்று திருப்பித் தந்தான். அவன் சொன்னது சரி. அவனுடைய கதிரையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடதாசியை றீற்றாவிடம் கொண்டுபோனேன். சரிவரவில்லை என்றேன். "தாங்கோ, இருக்கட்டும்" என்று வாங்கினாள். பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்த மகள், தாயின் கையிலிருந்து அதை எட்டிப் பறித்து வைத்துக்கொண்டாள். அந்த வருடம்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். எதைக் கண்டாலும் வாசிக்கிற வயது. என் எழுத்து வாசிக்கச் சுகமான எழுத்து. ஒரு விரலை வைத்துத் தாயின் பெயரை வாசித்தாள். அடுத்த வரிக்கு வந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தகப்பனின் பெயரை முழுதாகச் சத்தமாக வாசித்துவிட்டு நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

"எங்கட அப்பா."

"ஓம்" என்றாள் றீற்றா.

பிள்ளையின் விரல் கீழே இறங்கியது. அதற்கடுத்த வரியில் என் பெயர் இருந்தது. றீற்றா என்னைப் பார்த்தாள். பிறகு மகளின் கையிலிருந்து கடதாசியை மெதுவாக எடுத்து மடித்தாள்.

"இப்பத்தைக்கு இவ்வளவு காணும் பிள்ளை" என்றாள். "மிச்சத்தைப் பெரிசாகி வாசி."